நடுவரின் கவனத்தைப் பத்து முறை பெற்றவர்

நெவில் ஆஷ்வொர்த் இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்களிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவரைப் பற்றிக் கிளப் நிர்வாகம் எழுதிவைத்த முதல் குறை அதுதான்.

ஆல்டர்ஷா டவுன் கால்பந்து கிளப்பின் ஆட்டநாள் இதழில் ஐந்தாம் பக்கம் அவருடையது. அடுத்து வரும் ஆட்டங்களுக்கு முன்னோட்டம் எழுதுவார். சம்பளம் கிடையாது. பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர் என்பதால், நடக்காத ஒன்றை நடக்கும் என்று எழுத அவருக்குக் கை வராது. ஒரு முன்னோட்டம் இப்படி இருக்கும்: "அடுத்த சனிக்கிழமை கிரிண்ட்லோவுக்குப் போகிறோம். அவர்கள் கடைசி எட்டு ஆட்டங்களில் எட்டையும் வென்றிருக்கிறார்கள். நாம் அங்கே கடைசியாக வென்றபோது அவர்கள் கேலரிக்குக் கூரை இல்லை. நம் கோல்கீப்பருக்கு விரல் சரியாகவில்லை. விருந்தினர் பக்கக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. வழியிலேயே போய்விட்டு வரவும்."

வடக்குக் கேலரியில் நிற்கும் நாங்கள் ஆயிரம் பேரும் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். தோற்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனதைத் தயார் செய்துகொண்டு, டீயும் வினிகர் தெளித்த சிப்ஸும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக நிற்கலாம்.

அந்தப் பருவத்தில் நாங்கள் நிறையவே நிம்மதியாக நின்றோம். இருபத்து நான்கு அணிகள் உள்ள பிரிவில் கடைசி நான்கு அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். அக்டோபர் மாதத்தில் நாங்கள் இருபத்து மூன்றாம் இடத்தில் இருந்தோம்.

கிளப் தலைவர் கென்னத் பிளாக்ஷா குளியல் தொட்டி வியாபாரத்தில் பெரிய ஆள். அவர் எங்கள் எல்லோரையும் உணவுக் கூடத்துக்கு அழைத்துப் பேசினார்.

"நாம ஏன் தோக்கறோம்னு ஒரு கம்பெனிய வெச்சு ஆராய்ச்சி பண்ணினேன். நூத்திப் பன்னண்டு பக்கம் அறிக்கை குடுத்திருக்காங்க. கோல் போடற ஆள் ஒருத்தன வாங்கணும்னு ஒரே ஒரு பக்கத்துல இருக்கு. மீதி நூத்திப் பதினொரு பக்கமும் மனநிலையப் பத்தி. நான் ஜனநாயகத்துல நம்பிக்கை உள்ளவன். பெரும்பான்மை பக்கங்கள் சொல்றதத்தான் கேப்பேன்."

அப்படியாக நம்பிக்கைத் துறை பிறந்தது. அதற்கு இடம் வேண்டும் என்பதால் கிளப் செயலாளர் பதவி ஒழிக்கப்பட்டது. செயலாளரின் அறைக்கு வெளிர்மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். தலைமை நம்பிக்கை அலுவலராக ஜெமிமா கார்ஸ்டேர்ஸ் வந்து அமர்ந்தார். அதற்கு முன் ஒரு விமான நிலையத்தில் தாமத அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருந்தவர். இனிமையான பெண்மணி. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்பார். கேட்பதோடு சரி.

முதல் வாரமே நெவிலைக் கூப்பிட்டனுப்பினார்.

"நெவில், உங்க பக்கத்த முழுசாப் படிச்சேன். ரொம்ப உழைப்பு. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இதப் படிச்சா எனக்கு ஆட்டம் பாக்கப் போகணும்னே தோணலையே?"

"எனக்கும் தோணறதில்ல மேடம். ஆனா போயிடுவேன்."

"பாத்தீங்களா, அத எழுதியிருக்கலாமே நீங்க! போயிடுவேன்! எவ்வளவு அழகா இருக்கு!"

நெவில் கையில் ஒரு பட்டியலோடு வெளியே வந்தார். 'தோல்வி' என்று எழுதக் கூடாது. 'தாமதமான வெற்றி' என்று எழுத வேண்டும். 'கடைசி இடம்' கூடாது, 'அட்டவணையின் அடித்தளம்'. காயம்பட்ட வீரர், 'ஓய்வின் மூலம் பங்களிப்பவர்'. மழையைப் பற்றி எழுதவே கூடாது. ஒவ்வொரு முன்னோட்டத்துக்கும் மூன்று கையெழுத்துகள் வேண்டும்: நம்பிக்கை அலுவலர், சட்ட ஆலோசகர், தலைவர்.

நெவிலின் மனைவி மோரீன் அந்தப் பட்டியலைச் சமையலறையில் நின்று படித்தாள். பதினேழு வருடமாக அணியின் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போடுபவள் அவள்தான். கிளப்பைப் பற்றி அவளிடம் மறைக்க எதுவும் இல்லை. எல்லா அழுக்கும் அவள் கைக்குத்தான் வரும்.

"மழை கூடாதாமா? நம்ம ஊர்லயா? அப்போ எனக்கு வர்ற சேற்ற எல்லாம் என்னன்னு சொல்வாங்களாம்?"

"தெரியல. கேக்கறேன்."

"கேட்டுத் தொலைக்காத. அதுக்கும் ஒரு பேரு வெச்சுடப் போறாங்க."

நெவில் சண்டை போடத் தெரியாதவர். பணிமனையிலும் அப்படித்தான். ஓடாத பேருந்துக்கு நேரம் போடச் சொன்னால் போடுவார். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஓடாது' என்று சேர்த்துவிடுவார். இங்கே அந்தச் சின்ன எழுத்துக்கும் மூன்று கையெழுத்துகள் தேவைப்பட்டன.

கிரிண்ட்லோ ஆட்டத்துக்கான முன்னோட்டம் கையெழுத்தாகித் திரும்பி வந்தது ஆட்டம் முடிந்து நான்காம் நாள். நாங்கள் நாலு பூஜ்யம் என்று தோற்றிருந்தோம். இனி அதை என்ன செய்வது என்று நெவில் கேட்டார்.

"அச்சுக்குக் குடுங்க. மூணு கையெழுத்து வாங்கின ஒண்ண வீணாக்க முடியாது" என்றார் ஜெமிமா.

"ஆனா ஆட்டம் முடிஞ்சு போச்சே மேடம்."

"உங்களுக்கு முடிஞ்சுபோச்சு. படிக்கறவங்க மனசுல இன்னும் ஆரம்பிக்கல."

அடுத்த சனிக்கிழமை நாங்கள் கேலரியில் நின்று, முந்தின சனிக்கிழமை நாங்கள் கிரிண்ட்லோவில் வெல்லப்போகிறோம் என்று படித்தோம்.

டிசம்பரில், எதிரணியைப் புகழக் கூடாது என்றார்கள். ஜனவரியில் சட்ட ஆலோசகர் ஒரு படி மேலே போனார். எதிரணியின் பெயரை எழுதுவதே அவர்களுக்கு இலவச விளம்பரம் என்று குறிப்பு அனுப்பினார். நெவில் நான்கு முறை திருத்தி எழுதிய பிறகு வெளிவந்த முன்னோட்டம் இதுதான்: "அடுத்த சனிக்கிழமை நம் வீரர்கள் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு நட்பான ஊருக்குச் சென்று மகிழ்ச்சியுடன் திரும்புவார்கள்."

இரண்டு பேருந்துகளில் போனோம். ஒன்று ஆட்டம் நடந்த விதர்னெஸுக்குப் போனது. நான் ஏறியது சான்ட்ஹோமுக்குப் போனது. அங்கே பள்ளிப் பெண்கள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் இறங்கி நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தோம். விதர்னெஸுக்குப் போய் வந்தவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், நாங்கள் பார்த்ததுதான் நல்ல ஆட்டம்.

இதற்கு ஜெமிமா வருந்தவில்லை. "அந்த நாப்பத்தொரு பேரும் மகிழ்ச்சியாத் திரும்பினாங்களா இல்லையா? நாம சொன்னது நடந்துச்சா இல்லையா?" என்று நெவிலிடமே கேட்டார். உண்மையில் நாங்கள் மகிழ்ச்சியாகத்தான் திரும்பினோம்.

அந்த ஜனவரியில் ஒரு நல்லதும் நடந்தது. ஸ்கார்த் என்ற கிளப்பிலிருந்து ரீஸ் ஹாலிவெல் எங்களுக்கு வந்தான். முப்பத்தோரு வயது; வார நாட்களில் சுவர்ப் பூச்சு வேலை. பின்வரிசையில் நின்றால் கதவு மாதிரி நிற்பான். சில சமயம் கதவு மாதிரியே எதிராளியின் மேல் விழுவான். அவன் வந்த பிறகு நாங்கள் தோற்பது குறைந்து, சமன் செய்வது கூடியது. ஏப்ரல் கடைசியில், ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தபோது, இருபத்தோராம் இடத்துக்கு ஏறியிருந்தோம். கடைசி ஆட்டத்தில் ஸ்கெல்பி அணியைச் சொந்த மைதானத்தில் வென்றால் தப்பித்துவிடுவோம். வெல்லாவிட்டால் கீழ்ப் பிரிவு. கீழே போனால் எட்டு வீரர்களையும், மேனேஜர் மூனியையும், சலவை அறையையும் வைத்துக்கொள்ள முடியாது என்று தலைவர் முன்பே சொல்லியிருந்தார். சலவை அறை என்றால் மோரீன்.

செவ்வாய்க்கிழமை காலை நெவில் தன் சாப்பாட்டு மேசையில் நோட்டுப் புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு முன்னோட்டம் எழுத உட்கார்ந்தார். எந்த அணியில் எந்த வீரன் முரட்டு ஆட்டத்துக்காக நடுவரிடம் எத்தனை மஞ்சள் அட்டை வாங்கினான் என்பதைக் கையால் குறித்துவைப்பது அவர் பழக்கம். பத்து அட்டை சேர்ந்தால் அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆடக் கூடாது. ஹாலிவெல் முந்தின ஆட்டத்தில் ஒரு அட்டை வாங்கியிருந்தான். கிளப்பின் கணினியில் அவன் பெயருக்கு எதிரே 'ஒன்று' என்று இருந்தது. அவன் ஸ்கார்த்தில் ஆடிய நாட்களில் வாங்கியவற்றை நெவில் கூட்டிப் பார்த்தார். ஒன்பது. பழைய கிளப்பில் வாங்கியதும் கணக்கில் சேரும்.

மோரீன் டீயைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் நான்காம் முறையாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"ஹாலிவெல் சனிக்கிழமை ஆடக் கூடாது. ஆடினா ஜெயிச்சாலும் புள்ளியப் பிடுங்கிடுவாங்க."

"அப்போ போய்ச் சொல்லு. எதுக்கு என்னைப் பாத்துட்டு இருக்க?"

நெவில் போய்ச் சொன்னார். அவருக்குத் தெரிந்த வழியில், முன்னோட்டத்தின் முதல் வரியிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போனார்: "ஹாலிவெல் பத்து மஞ்சள் அட்டை பெற்றுவிட்டதால் ஆட முடியாது."

ஜெமிமா பொறுமையாகப் படித்தார்.

"நெவில், இது முன்னோட்டமா, புகாரா?"

"தகவல் மேடம். அவன் ஆடக் கூடாது."

"முதல் வாக்கியத்துலயே 'முடியாது'. நம்ம பட்டியல்ல இருக்கே அந்த வார்த்தை."

"சரி, வார்த்தைய எடுத்துடுங்க. அவன எறக்காம இருந்தாப் போதும்."

"வீரர்கள எறக்கறது மேனேஜர் வேலை. நான் அதுல தலையிட்டா நல்லாவா இருக்கும்? நான் வார்த்தைய மட்டும்தான் பாப்பேன்." பேனாவை எடுத்தார். "பத்து... இது நல்ல எண்தான். முழுசான எண். பத்த வெச்சுக்கலாம்."

அன்றும் மறுநாளுமாக ஒன்பது வரைவுகள் எழுதினார் நெவில். வியாழக்கிழமை மூன்று கையெழுத்துகளோடு திரும்பி வந்தது இது: "இதுவரை பத்து முறை நடுவரின் கவனத்தைப் பெற்ற ரீஸ் ஹாலிவெல், சனிக்கிழமை நம் அணியை முன்னின்று நடத்துவார்." கீழே, வழக்கம்போல, நெவில் ஆஷ்வொர்த் என்ற பெயர்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டே மேனேஜர் மூனியைத் தேடிப் பயிற்சி மைதானத்துக்குப் போனார். மூனி பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"யோவ் நெவில், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்யா. ஆட்டத்தப் பத்தின எந்தத் தகவலா இருந்தாலும் அங்கீகரிச்ச முன்னோட்டத்துல இருந்துதான் எடுக்கணும். இல்லாட்டி என்னைத் தூக்கிடுவாங்க. முன்னோட்டத்துல என்ன இருக்கு?"

நெவில் காட்டினார். மூனி இரண்டு முறை படித்தார்.

"முன்னின்று நடத்துவார்னு போட்டிருக்கே."

"அது நான் எழுதினது இல்ல மூனி."

"உன் பேருதானே இருக்கு?" மூனியின் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "ஒண்ணு பண்ணு. லீக் ஆபீஸ்ல கேட்டு, ஒரே ஒரு வரி எழுத்துல வாங்கிக் குடு. அவன உடனே உக்கார வெச்சுடறேன்."

லீக் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வீரர்களின் தடை விவரங்களைக் கிளப் செயலாளருக்கு மட்டுமே சொல்ல முடியும் என்றார். எங்களுக்குச் செயலாளர் இல்லை என்றார் நெவில். அப்படியானால் செயலாளர் இல்லை என்பதைச் செயலாளர் கையெழுத்திட்டு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மதியம் ஹாலிவெல் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்கே நெவில் போனார். அவன் ஏணியில் நின்று கூரைக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தான். தலைமுடியெல்லாம் வெள்ளை.

"பத்தா?" என்றான் மேலிருந்து. "நான் ஏழுன்னுல்ல நெனச்சேன்?"

"பத்துதான் தம்பி. தேதியோட எழுதிக் கொண்டாந்திருக்கேன், பாரு."

இறங்கி வந்து, விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தான். ஒவ்வொரு தேதியிலும் விரலை வைத்து, "ஆமா... ஆமா... இது அவன்தான் மொதல்ல இழுத்தான்... ஆமா" என்றான். பிறகு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நானே வரலைன்னு சொல்லிடவா?"

"சொல்லேன்."

உடனே மூனிக்குப் போன் போட்டான். மூனி ஜெமிமாவிடம் கேட்டார். ஜெமிமா தலைவரிடம் கேட்டார். பத்து நிமிடத்தில் தலைவரே அவனைக் கூப்பிட்டுவிட்டார். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கடைசி ஆட்டத்துக்கு மொத நாள் பயந்துட்டியாப்பா? முன்னோட்டத்துல உன் பேரு போட்டாச்சு. நீ வரலைன்னா அது பொய்யாயிடும். பொய் சொல்ற கிளப்புன்னு பேரு வாங்கித் தரப் போறியா? ஊரே உன்னைக் கோழைன்னு சொல்லும். நானே சொல்வேன்."

ஹாலிவெல் போனைப் பையில் போட்டான். நெவிலைப் பார்க்காமல் கலவைச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்றான். நெவில் தாளை மடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

சனிக்கிழமை மைதானம் நிரம்பியது. எங்கள் கேலரியில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. முன்னோட்டத்தைப் படித்து, "நடுவரின் கவனத்தப் பெற்றவராம்டா! அடிதடின்னு சொல்றத எவ்வளவு நாசூக்கா எழுதுறாரு பாரு நம்ம ஆளு" என்று ஒருவன் நெவிலின் முதுகில் தட்டினான். நெவில் சிரித்துவைத்தார். அன்றைக்கு அவர் ஆட்டத்தைப் பார்த்ததைவிட ஹாலிவெல்லைத்தான் அதிகம் பார்த்தார். அவன் எங்கேயாவது இடறி விழுந்து வெளியே வந்துவிடமாட்டானா என்று காத்திருந்தார் போலும். களத்தில் இறங்கிவிட்ட பிறகு வெளியே வந்தாலும் பயன் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

எண்பத்தெட்டாம் நிமிடம் வரை கோல் இல்லை. பிறகு எங்களுக்கு ஒரு கார்னர் கிக் கிடைத்தது. நான் அந்தக் கோலைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்றிருந்த தடித்த மனிதர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். அவர் அக்குளுக்குள்ளிருந்து நான் கேட்டது சத்தத்தை மட்டும்தான். எங்கள் ஊரில் அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

ஹாலிவெல் தலையால் முட்டிய கோல் அது. ஒன்று பூஜ்யம். ஆட்டம் முடிந்தது.

ஆயிரம் பேர் வேலியைத் தாண்டிப் புல்தரையில் இறங்கினோம். மூனி தன் கோட்டைக் கழற்றி எங்கோ வீசினார். மோரீன் சலவை அறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து நெவிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தப்பிச்சுட்டோம்டா! என் வேலை இருக்கு! நெவில், என் வேலை இருக்கு!" என்றவள் சற்று விலகி அவர் முகத்தைப் பார்த்தாள். "அந்த அட்டை விஷயம்... சரியாயிடுச்சுதானே? அவன எறக்கினாங்கன்னா எல்லாம் சரிபாத்துத்தானே எறக்கியிருப்பாங்க?"

இருபத்திரண்டு வருடம் பொய் சொல்லாத மனிதர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்கெல்பி அணியின் செயலாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓரமாகத் தன் காருக்குப் போய்க்கொண்டிருந்தார். அவசரமே இல்லாத நடை.

"சரியாத்தான் இருக்கும்" என்றார் நெவில். "வா, ஹாலிவெல்லுக்குக் கை குடுத்துட்டு வருவோம்."

அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் தப்பித்தவர்களாகவே இருந்தோம். திங்கட்கிழமை ஸ்கெல்பியின் புகார் லீக்குக்குப் போனது. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அது செயலாளர் பெயருக்கு வந்திருந்ததால் வெள்ளிக்கிழமைதான் பிரித்தார்கள். அதே அலமாரியில், ஹாலிவெல் ஆடக் கூடாது என்று லீக் முன்பே அனுப்பியிருந்த கடிதமும் பிரிக்கப்படாமல் கிடந்தது. மோரீன் அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நெவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

விசாரணை ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. மூவர் குழுவுக்குத் தலைமை திருமதி ஹெஸ்கெத். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுபவர். நாங்கள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

பிளாக்ஷா எழுந்தார்.

"மேடம், எங்க கிளப்புல தப்பு நடக்க வாய்ப்பே இல்ல. ஒரு காகிதம் மூணு கையெழுத்து இல்லாம வெளிய போகாது."

"இந்த முன்னோட்டத்துலயும் மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கண்டிப்பா."

"அப்போ மூணு பேரும் படிச்சீங்க."

"கையெழுத்துப் போட்டோம்" என்றார் பிளாக்ஷா. "படிக்கறதுக்குத் தனியா ஆள் போடற அளவுக்கு நாங்க பெரிய கிளப் இல்ல மேடம்."

ஜெமிமா எழுந்தார். "நான் ஒண்ணு சேத்துச் சொல்லணும். நான் ஒவ்வொரு வார்த்தையையும் படிச்சேன். அர்த்தத்தத்தான் பாக்கல. அது என் துறை இல்ல."

திருமதி ஹெஸ்கெத் இதழை உயர்த்திப் பிடித்தார். "தெரியாம நடந்த பிழைன்னு நீங்க சொல்லியிருந்தா, எச்சரிக்கையோட விட விதியில எடம் இருக்கு. ஆனா இதுல 'பத்து முறை நடுவரின் கவனத்தைப் பெற்ற'ன்னு அச்சாகியிருக்கு. பத்துன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே எறக்கியிருக்கீங்க."

பிளாக்ஷா மெல்லத் திரும்பி நெவிலைப் பார்த்தார். "எழுதினது அவருங்க. பேரு போட்டிருக்கு பாருங்க."

நெவில் எழுந்து நின்றார். கையில் எட்டுத் தாள்கள்.

"மேடம், இதெல்லாம் நான் மொதல்ல எழுதின வரைவுகள். எட்டுலயும் அவன் ஆடக் கூடாதுன்னு இருக்கு. ஒன்பதாவதுதான் அவங்க திருத்தினது."

திருமதி ஹெஸ்கெத் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். கடைசித் தாளைச் சற்று அதிக நேரம் வைத்திருந்தார். அவருக்கு நெவிலைப் பிடித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

"மிஸ்டர் ஆஷ்வொர்த், இதுல கையெழுத்து எதுவும் இல்லையே."

"அவங்க போட மாட்டேன்னுட்டாங்க மேடம்."

"அங்கீகரிக்காத காகிதத்த நாங்க ஆவணமா ஏத்துக்க முடியாது. எனக்கும் விதி இருக்கு." தாள்களை நேராக அடுக்கி, இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். "ரொம்பத் தெளிவா எழுதறீங்க."

தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்தது. மூன்று புள்ளிகள் பறிமுதல். ஆட்டம் செல்லாது; முடிவும் கோலும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். ஆல்டர்ஷா டவுன் கீழ்ப் பிரிவுக்கு இறங்குகிறது.

பிளாக்ஷா வாசலில் பத்திரிகைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இதை இறக்கம் என்று பார்க்கக் கூடாது என்றும், புதிய ஊர்களின் அறிமுகமாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நம்பிக்கைத் துறைக்கு இன்னும் இரண்டு பேரை எடுக்கப்போகிறார்களாம். ஜெமிமா நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆகஸ்டுக்கு உங்க முன்னோட்டம் ஜூன்லயே வந்தா நல்லாயிருக்கும் நெவில், கையெழுத்து ஆகணுமே" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார்.

ஹோட்டலின் பின்பக்கம், காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், ஹாலிவெல் கோட்டும் டையுமாகச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவனை உள்ளே கூப்பிடவே இல்லை. நெவிலும் நானும் பேருந்துக்குக் குறுக்குவழியாகப் போனபோது பார்த்தோம்.

"கோலையும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"எடுத்துட்டாங்க."

"நான் இதுக்கு முன்னால கோலே போட்டதில்ல, தெரியுமா உங்களுக்கு? பதிமூணு வருஷமா ஆடறேன். ஒண்ணுகூட இல்ல." டையைத் தளர்த்தினான். "போட்ட இந்த ஒண்ணையும் நான் பாக்கல. பந்து வந்தப்போ கண்ண மூடிட்டேன். கண்ணத் தெறந்தா எல்லாரும் என் மேல கெடக்கறாங்க. வீட்ல கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. நீங்க பாத்தீங்களா?"

நெவில் கைப்பையைக் கீழே வைத்தார்.

"பாத்தேன்" என்றார். "கார்னர் இடது பக்கம். நம்ம ஆள் அடிச்சது சரியில்ல, ரொம்ப உசரமாப் போச்சு. கோல்கீப்பர் ரெண்டு அடி முன்னால வந்துட்டு நின்னுட்டான். நீ பின்னாலேருந்து ஓடி வர்ற. உன்னைப் பிடிச்சுக்கிட்டிருந்தவன் வழுக்கி விழுந்துட்டான்."

"நான் தள்ளலையே?"

"இல்ல. அவனாத்தான் விழுந்தான். நீ தொடவே இல்ல."

ஹாலிவெல் தலையசைத்தான். அவன் கண்கள் மூடியிருந்தன.

"அப்புறம்?" என்றான்.

எங்கள் பேருந்து முனையில் திரும்பி வந்து, நின்று, கிளம்பிப் போனது. நெவில் அதைப் பார்த்தார், கூப்பிடவில்லை. ஹாலிவெல்லுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, பந்து எந்தக் கம்பத்துக்கு எத்தனை அங்குலம் உள்ளே போனது என்று சொல்ல ஆரம்பித்தார்.